தாயின் கிளினிக் நாளும் கூடவரும் சின்னப் பிள்ளையும்

அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் டொக்டரோடு பேசக் கிடைப்பது ஐந்து, பத்து நிமிடம். அதற்காக வாங்கில் இருப்பது சில வேளை மூன்று, நான்கு மணித்தியாலம். இரண்டு மூன்று வயதுப் பிள்ளையின் பொறுமை முதல் மணித்தியாலத்திலேயே தீர்ந்துவிடும். நம்பர் கூப்பிடும்போது பிள்ளை வீரிட்டு அழும், தாய் கேட்க வந்ததைக் கேட்காமலே மருந்துத் துண்டோடு வெளியே வருவார். ஆகவே எல்லா ஆயத்தமும் ஒன்றுக்காகத்தான்: பிள்ளையின் பொறுமையை அந்தப் பத்து நிமிடத்துக்கு மிச்சம் பிடித்து வைப்பது.

பால்குடிப் பிள்ளை கூட வரத்தான் வேண்டும். மற்றப் பிள்ளைகளை விட்டுவர ஆளிருந்தால் விட்டு வருவதே நல்லது. சில நாட்களில் கட்டாயம் விட்டுவர வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல், இருமல், வயிற்றோட்டம் இருக்கும் நாள் ஒன்று. கொப்பளிப்பான் (சின்னம்மை) போட்ட பிள்ளையைக் கர்ப்பிணிகள் இருக்கும் கிளினிக்குக்குக் கொண்டுபோகவே கூடாது, அது வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து. சளிச் சோதனைக்காக நெஞ்சுநோய்க் கிளினிக்குக்குப் போகும் நாள் இன்னொன்று. கண்ணில் மணியை விரிக்கும் துளிமருந்து விடும் நாளில் சில மணித்தியாலம் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். அன்று மோட்டார் சைக்கிளில் பிள்ளையை ஏற்றி வரமுடியாது. எக்ஸ்ரே எடுப்பதானால் பிள்ளை வெளியே நிற்க வேண்டும், அதற்கு இன்னொரு பெரிய ஆள் வேண்டும்.

கிளினிக் கொப்பியில் எழுதிய திகதியை முதல் நாளே பாருங்கள். போயா நாளிலோ வேறு அரச விடுமுறையிலோ விழுந்திருந்தால் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். வாகரையில் இருந்தோ பொத்துவிலில் இருந்தோ பிள்ளையோடு பஸ் ஏறி வந்து வெறுங்கையோடு திரும்புவது பெரிய பாடு. தனியார் இடத்தில் டொக்டரைச் சனல் பண்ணியிருந்தால் (நம்பர் பதிந்திருந்தால்) வெளிக்கிட முன் போன் எடுத்து எத்தனையாம் நம்பர் போகுது என்று கேளுங்கள். இருபத்தைந்தாம் நம்பர்காரர் ஐந்தாம் நம்பரின் நேரத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை.

பையில் முதலில் தண்ணீர், பிள்ளைக்கு அரை லீற்றர், உங்களுக்கு ஒரு லீற்றர். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இதுவும் காணாது. சாப்பிட ரொட்டி, வாழைப்பழம், கிரீம் இல்லாத பிஸ்கட். பால்மா கரைத்துக் கொண்டுபோனால் வெக்கைக்குப் புளித்துவிடும். கொதித்தாறிய நீரையும் மாவையும் தனித்தனியே எடுத்து, குடிக்கும் நேரம் கரையுங்கள். மாற்றுடுப்பு இரண்டு, சொப்பிங் பேக் இரண்டு, ஒரு துண்டு சவர்க்காரம், விரித்துப் படுக்கவைக்க ஒரு பழைய சாரம். ஆஸ்பத்திரி வாசலில் விற்கிற வறுத்த கச்சானை (நிலக்கடலையை) ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள், அழுதுகொண்டே மெல்லும்போது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பிள்ளையின் முன்கையில் பேனையால் உங்கள் போன் நம்பரை எழுதிவிடுங்கள். வரிசையும் நெரிசலும் உள்ள இடத்தில் ஒரு பிள்ளை தவறிப்போக அரை நிமிடம் போதும்.

கொண்டுபோன எல்லாவற்றையும் வந்து இருந்தவுடனே வெளியே எடுத்தால் ஒன்பது மணிக்கே பை வெறுமையாகிவிடும். ஒவ்வொன்றாக எடுங்கள். பிள்ளை இதுவரை காணாத ஒன்றை, சின்னக் கொப்பியும் ஒரு கலர் பென்சிலும் போதும், கடைசிவரை ஒளித்து வையுங்கள். டொக்டரின் கதவைத் தாண்டும்போதுதான் அது வெளியே வர வேண்டும். போனில் வீடியோ காட்டுவதையும் அப்படியே பிந்தி வையுங்கள்.

கர்ப்பிணிகளுக்குச் செய்யும் குளுக்கோஸ் சோதனை நாள்தான் எல்லாவற்றிலும் கடினமானது. குறைந்தது எட்டு மணித்தியாலம் சாப்பிடாமல் வரவேண்டும், வெறும் தண்ணீர் குடிக்கலாம். முதல் இரத்தம் எடுத்தபின் 75 கிராம் குளுக்கோஸை ஏறக்குறைய 300 மில்லிலீற்றர் நீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். குடிக்கத் தொடங்கியதில் இருந்து ஒரு மணித்தியாலத்தில் ஒருமுறை, இரண்டாவது மணித்தியாலத்தில் மறுமுறை இரத்தம் எடுப்பார்கள். அதுவரை சாப்பிடவும் கூடாது, நடந்து திரியவும் கூடாது. இங்கேதான் பிள்ளையால் சோதனை பிழைக்கும். தான் கடித்த பிஸ்கட்டைப் பாசத்தோடு தாயின் வாயிலும் திணிக்க வரும், அல்லது ஓடும், பின்னால் தாய் ஓடுவார். வாந்தி வந்தால் உடனே நேர்ஸிடம் சொல்ல வேண்டும், பெரும்பாலும் இன்னொரு நாள் திரும்பச் செய்ய நேரும். எனவே இந்த நாளுக்கு அம்மம்மாவோ சாச்சியோ யாராவது ஒருவர் கட்டாயம் கூட வரட்டும். தாயிடம் முதல் இரத்தம் எடுக்க முன்பே பிள்ளைக்கு வயிறு நிறையக் கொடுத்து, பிறகு மர நிழலுக்குக் கூட்டிப்போகட்டும்.

இரத்தம் எடுப்பதைப் பிள்ளை பார்க்கும் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள்: “அம்மாக்குச் சின்னதா ஒரு குத்து, உடனே முடிஞ்சிரும்.” “ஊசி இல்ல” என்று பொய் சொல்ல வேண்டாம். “குழப்படி செஞ்சா டொக்டர் ஊசி போடுவார்” என்று வெருட்டவே வேண்டாம். அடுத்த தடுப்பூசி நாளில் அந்தப் பயத்தைச் சுமக்கப்போவது அதே பிள்ளைதான்.

பிரசர் பார்க்கும் இடத்தில் பலர் கவனிக்காத பிழை ஒன்று உண்டு. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று, அப்படியே கையை நீட்டினால் பிரசர் கூடக் காட்டும். அதை நம்பி டொக்டர் மருந்தையும் கூட்டி எழுதிவிடக்கூடும். ஐந்து நிமிடம் முன்பே பிள்ளையை இறக்கிவிட்டு, முதுகு சாய்த்து, பாதங்களை நிலத்தில் வைத்து, கையை மேசையில் தாங்கலாக வைத்து, பேசாமல் இருக்க வேண்டும். இதற்கு நேரம் கிடைக்கவில்லை என்றால் “பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்டனான், கொஞ்சம் பொறுத்து இன்னொருக்காப் பாருங்கோ மிஸ்” என்று கேளுங்கள். கேட்பதில் பிழையே இல்லை.

அறைக்குள் பிள்ளையை மடியில் உங்கள் பக்கம் முகம் பார்க்க இருத்துங்கள், மேசைக்கு முகம் கொடுத்தால் கை பேனையிலும் ஸ்டெதஸ்கோப்பிலும்தான் இருக்கும். கேட்க வேண்டியவற்றை வீட்டிலேயே ஒரு துண்டில் எழுதுங்கள், மூன்றுக்கு மேல் வேண்டாம், முக்கியமானது முதலில். வீட்டுச் சண்டை, கருக்கலைவு, குடும்பக் கட்டுப்பாடு போன்ற கதை இருந்தால் நான்கு வயதுப் பிள்ளைக்கே விளங்கும், வெளியே யாரிடமாவது விட்டுவிட்டுப் பேசுங்கள். அம்பாறை நகரத்தில் டொக்டர் சிங்களத்தில் பேசினால், பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிக்கும் மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தமிழ் தெரிந்த ஊழியரைக் கேளுங்கள்.

பாமசி ஜன்னலில் பிள்ளை ஏறக்குறைய எப்போதும் அழும், பசியும் தூக்கமும் சேரும் நேரம் அது. அதற்காக உறையை வாங்கிக்கொண்டு ஓடாதீர்கள். ஒவ்வொரு உறையிலும் உள்ள மருந்தின் பெயரையும் எத்தனை, எத்தனை தரம் என்பதையும் அங்கேயே நின்று பாருங்கள். அரச பாமசியில் தருவது சாதாரணக் கடதாசி உறை, அதைப் பிள்ளை கிழிக்க ஒரு வினாடி போதும். கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச்சத்துக் குளிசை டொபி மாதிரியே இருக்கும், கூடச் சாப்பிட்ட பிள்ளைக்கு உயிராபத்து. சீனி வருத்தக் குளிசையும் பிரசர் குளிசையும் அப்படியே. சிப் இழுத்து மூடும் பைக்குள் போட்டு, பஸ்ஸில் அந்தப் பையைப் பிள்ளையின் கைக்கு எட்டாமல் வையுங்கள், வீட்டுக்கு வந்ததும் அலுமாரியின் மேல் தட்டில் வைத்துப் பூட்டுங்கள். பிள்ளை விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே 1990 அம்புலன்ஸ் நம்பருக்குப் போன் எடுங்கள், அல்லது கிட்டிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். அந்த உறையையும் மிச்சக் குளிசைகளையும் கையோடு கொண்டு போங்கள், எத்தனை குறைகிறது என்று அங்கே எண்ணிப் பார்ப்பார்கள்.