சார்ட் பிளாட்டர் வாங்குவதும் அதன் மேப்பைப் புதுப்பிப்பதும்: நாகைக் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு செய்முறை

படகு நிற்கும் இடத்தைக் கடல் மேப்பில் காட்டும் ஜிபிஎஸ் பெட்டிதான் சார்ட் பிளாட்டர். அதை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை இஞ்ச்?" என்றுதான். திரை பெரிதாக இருந்தால் நல்லதுதான். ஆனால் உள்ளே இருக்கும் கடல் மேப் மோசமாக இருந்தால் பெரிய திரையில் பெரிய தப்பு தெரியும், அவ்வளவே. அதனால் மேப்பைப் பார்த்துவிட்டு அப்புறம் பெட்டியைப் பாருங்கள்.

1. படகுக்கு ஏற்ற பெட்டி

கரையோரம் போய்வரும் ஃபைபர் படகுக்கு 5 இஞ்ச் போதும். விசைப்படகின் வீல்ஹவுஸில் (ஓட்டுபவர் அறையில்) 9 இஞ்ச் வசதி. ஃபைபர் படகில் தண்ணீர் நேராக மேலே அடிக்கும். பெட்டியில் ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். தொடுதிரை கடையில் அழகாக இருக்கும், உப்புத் தண்ணீர் சொட்டும் கையோடு வலை இழுக்கும்போது படுத்தும். என் ஓட்டு பட்டன் வைத்த பெட்டிக்கு.

எக்கோவும், அதாவது ஒலி அனுப்பி ஆழம் காட்டும் கருவியும், சேர்ந்த மாடலாக எடுங்கள். பாக் நீரிணையும் கரையோரமும் ஆழம் குறைந்தவை, அதற்கு 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி போதும். ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு 50-உம் வேண்டும். அடியில் பொருத்தும் டிரான்ஸ்டியூசர் (ஒலியை அனுப்பி வாங்கும் பாகம்) விலையில் சேர்ந்ததா, தனியா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

2. கடையிலேயே மேப்பைச் சோதிப்பது

பெட்டியோடு வருவது பல சமயம் வெறும் உலக மேப். கரையோரக் கோடு மட்டும் இருக்கும். நேவியானிக்ஸ், சி-மேப் போன்ற விரிவான மேப்பைத் தனி மெமரி கார்டில் வாங்க வேண்டும். ஒரு கம்பெனி கார்டு இன்னொரு கம்பெனி பெட்டியில் ஓடாமல் போகலாம்.

சோதனை எளிது. திரையில் நாகப்பட்டினம் துறைமுகத்தைக் கொண்டுவந்து பெரிதாக்குங்கள். ஆழ எண்கள் வருகின்றனவா? அப்படியே தெற்கே கோடியக்கரைக்கும், வடக்கே கொள்ளிடம் முகத்துவாரத்துக்கும் நகர்த்துங்கள். எண்ணே இல்லாமல் நீலமாக மட்டும் தெரிந்தால் அந்தக் கார்டு நமக்கு ஆகாது. அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் 'ஓவர்சூம்' என்று எச்சரிக்கும். அதற்கு மேல் படம்தான் பெரிதாகும், விவரம் கூடாது.

பழைய பெட்டி மலிவாகக் கிடைத்தால் தேதி சரியாகக் காட்டுகிறதா பாருங்கள். தேதியைக் கணக்கிட ஜிபிஎஸ் பயன்படுத்தும் வார எண்ணிக்கை 2019 ஏப்ரல் 6-ஆம் தேதி இரவு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. மென்பொருள் புதுப்பிக்காத சில பழைய கருவிகள் அதோடு தேதியைத் தவறாகக் காட்ட ஆரம்பித்தன.

3. செட்டிங்: இங்கேதான் வம்பு

டேட்டம், அதாவது இடத்தைக் கணக்கிட அடிப்படையாக வைக்கும் முறை, 'டபிள்யூஜிஎஸ் 84' என்று இருக்கட்டும். ஆழத்துக்கு மீட்டர். ஆழத்தைப் பாகக் கணக்கில் (ஃபேதம்) சொல்லிப் பழகியவர்கள் ஒரு பாகம் ஏறத்தாழ 1.8 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது எண் எழுதும் முறை. 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி பாக் நீரிணை எல்லைக்கோட்டின் ஒரு முனை வடக்கு 10 டிகிரி 05.0 நிமிடம், கிழக்கு 80 டிகிரி 03.0 நிமிடம். கோடியக்கரைக்குத் தென்கிழக்கே இருக்கிறது. பெட்டி தசம டிகிரியில் இருக்கும்போது இதை 10.05, 80.03 என்று அடித்தால் என்ன ஆகும்? 10.05 டிகிரி என்பது 10 டிகிரி 03 நிமிடம். ஒரு அட்சரேகை நிமிடம் ஒரு கடல் மைல். அதாவது புள்ளி இரண்டு கடல் மைல் தெற்கே இறங்கி, கோட்டைத் தாண்டி இலங்கைப் பக்கம் விழும். சரியான எண் 10.0833, 80.05. எனவே 'டிகிரி, நிமிடம்' முறையைத் தேர்ந்தெடுத்து, படகில் எல்லோரும் அதையே பயன்படுத்துங்கள். பக்கத்துப் படகுக்காரர் வயர்லெஸ்ஸில் பாயிண்ட் (ஓர் இடத்தின் எண்கள்) சொன்னாலும் எந்த முறை என்று கேட்டுக் குறியுங்கள்.

4. மேப்பைப் புதுப்பிப்பது

விசைப்படகுக்காரர்களுக்குத் தோதான நேரம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில், பெட்டி கையில்.

முதலில் சேமித்த பாயிண்ட்களை வேறொரு கார்டில் நகல் எடுங்கள். மேப் போனால் காசு கொடுத்து வாங்கலாம், பத்து வருடம் சேர்த்த பார் (மீன் கூடும் கடலடிப் பாறை) பாயிண்ட்களை எங்கே வாங்குவது? பிறகு பெட்டியை அணைத்து மேப் கார்டைக் கழற்றி, கணினியில் செருகி, கார்டு கம்பெனியின் செயலியில் உங்கள் கணக்கில் நுழையுங்கள். ஃபைல் பெரிது, நல்ல இணையம் வேண்டும். பாதியில் கார்டைப் பிடுங்காதீர்கள். திரும்பப் போட்டதும் மேப் பதிப்புத் தேதியைத் திரையில் சரிபாருங்கள். பெட்டியின் மென்பொருள் வேறு, அதைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். அப்போது பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். கள்ள நகல் கார்டுக்குப் புதுப்பிப்பு கிடையாது.

இரண்டு பதிப்புகளுக்கு நடுவில் வரும் மாற்றங்களை டேராடூனில் உள்ள தேசிய நீர்நிலவரைவியல் அலுவலகம் மாதம் இருமுறை கடலோடிகளுக்கான அறிவிப்பாக வெளியிடுகிறது. நம் கரைக்கு உரியதை மட்டும் பார்த்து, புதிதாக மூழ்கிய படகோ நகர்ந்த மிதவையோ இருந்தால் கையாலேயே ஒரு பாயிண்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

5. முகத்துவாரம்

எவ்வளவு புதுப்பித்தாலும் ஆற்று வாயில் மேப்பை நம்பாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வந்தால் மணல்திட்டு இடம் மாறும். அதை அளந்து மேப்பில் ஏற்றுவதற்குள் அடுத்த மழை வந்துவிடும். நம் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு, அதனால் 'தண்ணீர் ஏறட்டும், போய்விடலாம்' என்பதிலும் பெரிய லாபம் இல்லை. மழைக்காலம் முடிந்ததும், பகல் வெளிச்சத்தில், மெதுவாக, எக்கோவைப் பார்த்தபடி வெளியே போங்கள். போன தடத்தைப் பெட்டியில் சேமித்து, பெயரோடு மாதத்தையும் எழுதுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு அதை அழித்துவிட்டுப் புதுத் தடம் போட வேண்டும்.