முதல் ஸ்னோஷூ வாங்குவதற்கு முன் எடை பாருங்கள்

சென்ற பிப்ரவரியில் அடல் சுரங்கப்பாதையைக் கடந்து இமாச்சலப் பிரதேசத்து லாஹௌலின் சிஸ்ஸுவுக்குச் சென்றிருந்தபோது, மணாலியில் வாடகைக்கு எடுத்த, பனியில் புதையாமலிருக்கக் காலணிக்கடியில் கட்டும் அகன்ற தட்டான ஸ்னோஷூவைக் கட்டிக்கொண்டும் அடிக்கு அடி முழங்கால் வரை புதைந்தேன். ஸ்னோஷூ அணிந்தவருக்குக் கணுக்கால் அளவு புதைவது இயல்புதான். முழங்கால் வரை என்றால் கணக்கு எங்கோ பிசகியிருக்கிறது. அந்தப் பிசகைத் தவிர்க்கும் வழியைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், ஸ்னோஷூ உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள். உத்தராகண்டின் கேதார்கந்தா மலையேற்றப் பாதை போலப் பலர் மிதித்துக் கெட்டிப்பட்ட தடத்தில் காலணிமேல் மாட்டும் பல் வைத்த சங்கிலியான மைக்ரோஸ்பைக்ஸ் பெரும்பாலும் போதும். யாரும் நடக்காத புதுப்பனியில் இறங்குபவர்களுக்குத்தான் மேற்கொண்டு சொல்வது.

அடுத்தது எடை. ஸ்னோஷூவின் நீளத்தைத் தீர்மானிப்பது உங்கள் பாத அளவன்று, எடையே. கடைக்காரர் கேட்டபோது நான் 68 கிலோ என்றேன். அவர் 22 அங்குல ஜோடியை எடுத்துக் கொடுத்தார். அது 82 கிலோ வரை தாங்கும் என்று எழுதியிருந்ததால் எனக்கும் நிம்மதி. டெல்லி மயூர் விஹார் வீட்டுக்குத் திரும்பிய பிறகு, பையை முழுவதும் அடுக்கி, மலைக் காலணி, ஜாக்கெட், இரண்டு லிட்டர் தண்ணீர் சகிதம் எடை இயந்திரத்தில் ஏறிப் பார்த்தேன். முள் 88-இல் நின்றது. "கண்ணாடியைக் கழற்றிவிட்டு நில்லுங்கள், குறையும்" என்றாள் மனைவி. ஆகவே கடையில் சொல்ல வேண்டியது உங்கள் எடையை அன்று, சுமையோடு சேர்ந்த மொத்த எடையை. தோராயமாக 80 கிலோ வரை 22 அங்குலமும், 100 கிலோ வரை 25 அங்குலமும், அதற்கு மேல் 30 அங்குலமும் என்று வைத்துக்கொள்ளலாம்; எனினும் தயாரிப்பாளரின் அட்டவணையே முடிவானது. ஈரமாக இறுகிய பனியில் சிறிய அளவே தாங்கிவிடும். மாவுபோல் உதிரும் புதுப்பனியில் அதே எடைக்கு நீளம் கூடுதலாக வேண்டும். அதற்காக மிகப் பெரியதை எடுத்தால், கால்களை அகட்டி நடக்க நேர்ந்து மாலைக்குள் இடுப்பு கெஞ்சும்.

வகையில் எனக்குப் பிடிவாதம் உண்டு. வளைந்த அலுமினியக் குழாய்ச் சட்டம் கொண்டவை சமதளத்துக்கு நல்லவை, ஆனால் சரிவைக் குறுக்கே கடக்கும்போது பக்கவாட்டில் வழுக்கும். எம்எஸ்ஆர் நிறுவனத்தின் ஈவோ மாடலில் பிளாஸ்டிக் தட்டின் அடியில் நெடுக எஃகுப் பற்கள் இருப்பதாலும், நீளத்தைக் கூட்டும் 6 அங்குல வாலைத் (பின்பக்க நீட்சியை) தனியாக வாங்கி மாட்ட முடியும் என்பதாலும் அதையே பரிந்துரைப்பேன். ஏற்றம் அதிகமெனில், குதிகாலுக்கடியில் நிமிர்த்தும் கம்பி உள்ள ஈவோ அசென்ட் வகை கெண்டைக்காலைக் காப்பாற்றும். காலணியை இறுக்கிக் கட்டுவதற்குத் திருகு டயலைவிட ரப்பர் பட்டையே எனக்கு உவப்பு, ஏனெனில் பனி ஒட்டிக்கொண்டாலும் தட்டிவிட்டு கையுறையோடு இழுத்து மாட்டலாம்.

உங்கள் காலணியைக் கடைக்கு எடுத்துச் சென்று மாட்டிப் பாருங்கள். முன்பாதத்தின் அகன்ற பகுதி சுழலும் அச்சின் மேல் அமைய வேண்டும்; பாதம் முன்னே தள்ளியிருந்தால் காலணி நுனி தட்டில் இடித்துக்கொண்டே வரும். பட்டைக் கொக்கிகள் காலின் வெளிப்புறம் இருக்க வேண்டும்.

பின்சேர்க்கை: ஸ்னோஷூ இருந்தால் பனிச்சரிவுக்கு அஞ்ச வேண்டாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். புதையாமல் நடக்க உதவுவதைத் தவிர அதற்கு வேறு திறன் இல்லை. பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சாய்வுகளில்தான் புறப்படும் என்பதால், அத்தகைய சாய்வுகளையும் அவற்றின் அடிவாரத்தையும் தவிர்த்து, புறப்படுமுன் பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனமான டிஜிஆர்இ வெளியிடும் எச்சரிக்கையைப் பாருங்கள். அடிக்கடி மல்லாக்க விழுவதாக எழுதிய மற்றொருவருக்கு: பின்னோக்கி அடி வைக்காதீர்கள், வால் பனியில் குத்திக்கொள்ளும். சிறு சிறு அடியாக அரைவட்டம் போட்டுத் திரும்புங்கள். கைத்தடி நுனியில் அகலமான பனித்தட்டு மாட்டியிருந்தால் அப்போது ஊன்றிக்கொள்ளலாம்.