விளக்கத்தைக் கேட்காதீர்கள், பதிவேட்டைக் கேளுங்கள்: தீயணைப்புத் துறைக்குத் தகவல் மனு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் தெருமுனையில் இருந்த துணிக்கிடங்கு எரிந்த இரவில் முதல் வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்பதில் அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். பத்து நிமிடத்தில் வந்தது என்றார் ஒருவர், முக்கால் மணி நேரம் ஆயிற்று என்றார் இன்னொருவர். உண்மையைத் தெரிந்துகொள்ளத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு எழுதினேன். அதில் ஒன்பது கேள்விகள். ஏன் தாமதம் ஆயிற்று, தாமதத்துக்கு யார் பொறுப்பு, இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்யப் போகிறீர்கள் என்ற ரீதியில் எல்லாம் இருந்தன. ஒரு மாதம் கழித்து வந்த பதிலில் ஒரே ஒரு வரி: கோரப்பட்டவை தகவல் என்ற வரையறைக்குள் வரவில்லை.

முதலில் கோபம்தான் வந்தது. சட்டத்தை எடுத்துப் படித்த பிறகு, பதில் எழுதியவர் மீது குறை சொல்ல இடமில்லை என்று தெரிந்தது. அடுத்த மனுவில், குறிப்பிட்ட தேதியில் அந்த முகவரிக்கு வந்த தீ அழைப்பைப் பற்றிய பதிவேட்டுப் பக்கங்களின் நகல் வேண்டும் என்று மட்டும் கேட்டேன். இரண்டு பக்கம், நான்கு ரூபாய். அழைப்பு வந்த நேரம், வண்டி கிளம்பிய நேரம், இடத்தைச் சேர்ந்த நேரம் எல்லாம் அதில் இருந்தன. தாமதம் நடந்ததா என்பதை நாங்களே கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டோம்.

தீயணைப்புத் துறைக்கு எழுதப்படும் மனுக்களில் பெரும்பாலானவை இந்த ஒரு தவற்றில்தான் விழுகின்றன. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(எஃப்) பிரிவு 'தகவல்' என்றால் என்ன என்று பட்டியல் போட்டுச் சொல்கிறது. ஆவணங்கள், அறிக்கைகள், ஆணைகள், சுற்றறிக்கைகள், ஒப்பந்தங்கள் என்று போகும் அந்தப் பட்டியலில் லாக்புக் என்ற சொல்லும் இருக்கிறது. தீயணைப்பு நிலையத்தைப் பொறுத்தவரை இது பெரிய வரம். வண்டியின் ஓட்டமும் நேரமும் பதியப்படுவது அதில்தான். ஏற்கெனவே அலுவலகத்தில் இருக்கும் பதிவைக் கொடுப்பது மட்டுமே மனுக்களுக்குப் பதில் தரும் தகவல் அலுவலரின் கடமை, புதிதாக ஒன்றைத் தொகுத்தோ ஆராய்ந்தோ கருத்தாகவோ தர வேண்டியதில்லை என்று மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்துக்கும் ஆதித்ய பந்தோபாத்யாய் என்ற மாணவருக்கும் இடையிலான வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே 'ஏன்', 'எப்படி', 'சரியா' என்று தொடங்கும் வாக்கியம் மனுவில் இருந்தால் அடித்துவிடுங்கள். ஏன் என்ற கேள்விக்கு ஒரு விசாரணை அறிக்கை பதிலாக இருக்கக்கூடும் என்றால், அந்த அறிக்கையின் நகலைக் கேளுங்கள்.

ஒரு மாதிரிக்கு இப்படி எழுதலாம்: "இன்ன தேதியில், இரவு 9 மணி முதல் மறுநாள் காலை 6 மணி வரை, இன்ன முகவரியில் நடந்த தீ விபத்து தொடர்பாக, இன்ன நிலையத்தில் பராமரிக்கப்படும் அழைப்புப் பதிவேட்டின் உரிய பக்கங்கள், சென்ற வண்டிகளின் லாக்புக் பக்கங்கள், மேலதிகாரிகளுக்கு அனுப்பப்பட்ட தீ விபத்து அறிக்கை ஆகியவற்றின் சான்றளிக்கப்பட்ட நகல்கள் வேண்டும்." தேதி, நேரம், இடம், ஆவணம். இந்த நான்கும் இருந்தால் தட்டிக்கழிக்க வழி குறைவு. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று எழுதவே வேண்டாம். காரணம் கேட்கக் கூடாது என்று 6(2) பிரிவு சொல்கிறது. நாமாக முன்வந்து நம் வழக்கையும் ஆதங்கத்தையும் மனுவில் கொட்டினால், கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்க அலுவலருக்கு நாமே இடம் கொடுத்ததாகிவிடும்.

இன்னொரு தவறு, தகவல் மனுவே தேவைப்படாத இடத்தில் அதைப் போடுவது. கடை எரிந்துவிட்டது, காப்பீட்டு நிறுவனம் தீ விபத்து அறிக்கை கேட்கிறது என்றால், பாதிக்கப்பட்டவர் முதலில் போக வேண்டிய இடம் வந்து தீயை அணைத்த நிலையம்தான். நிலைய அலுவலரிடம் நேரடியாக விண்ணப்பம் கொடுங்கள். தகவல் மனுவின் பதிலுக்கு முப்பது நாள் காத்திருக்கும் வழியை முதல் வழியாக எடுத்தால் காப்பீட்டுக் கோரிக்கைதான் தள்ளிப்போகும். அதேபோல, எதிர்வீட்டு மாடியில் சிலிண்டர் அடுக்கி வைத்திருக்கிறார்கள், நடவடிக்கை எடுங்கள் என்பதும் தகவல் மனு ஆகாது. அது புகார். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம், மாவட்டத் தீயணைப்பு அலுவலருக்கும் அனுப்பலாம். சில வாரம் கழித்து, அந்தப் புகார் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகலைத் தகவல் மனுவில் கேட்கலாம். இந்த வரிசையில் போனால் இரண்டுமே பலன் தரும்.

எந்த அலுவலகம், எந்தத் தாள்

மும்பையில் தீயணைப்புப் படை மாநகராட்சியின் கீழ் இருக்கிறது. தமிழ்நாட்டில் அப்படி இல்லை. தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை மாநில அரசின் உள்துறையின் கீழ் வருகிறது. ஆணையர், மாநகராட்சி என்று முகவரி எழுதி அனுப்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தவறான இடத்துக்குப் போனாலும் மனு செத்துவிடாது. அதை ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்ற வேண்டும் என்று 6(3) கட்டளையிடுகிறது. ஆனாலும் வாரங்கள் கரையும். சாதாரண விபத்து அறிக்கைக்கும் சிறிய கட்டடங்களின் உரிமத்துக்கும் மாவட்டத் தீயணைப்பு அலுவலரின் அலுவலகத்திலுள்ள பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுவது பொருத்தம். 18.30 மீட்டரைத் தாண்டிய உயர்மாடிக் கட்டடங்களின் தடையின்மைச் சான்று (கட்டடத்துக்குத் தீயணைப்புத் துறையின் ஆட்சேபம் இல்லை என்னும் சான்று) என்றால் சென்னையில் உள்ள இயக்குநர் அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

ஒரே தீயைப் பற்றிய தாள்கள் பல அலுவலகங்களில் சிதறிக் கிடக்கும் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை காவல் நிலையத்தில் இருக்கும். தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் ஒரு கோப்பு இருக்கும். மின் இணைப்பில் சந்தேகம் என்றால் மின் ஆய்வுத் துறையில் இன்னொன்று. தீயணைப்புத் துறையின் அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் 'மின்கசிவாக இருக்கலாம்' என்று இருந்தால் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தீயை அணைக்கப் போனவர்கள் கண்ணால் கண்டதை வைத்து எழுதிய அனுமானம் அது. சேத மதிப்பும் அப்படித்தான். 'மின்கசிவு' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வழக்கு முழுவதையும் கட்டி எழுப்பியவர்கள் பின்னால் திண்டாடுவதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடச் சமையல் இடத்தில் பற்றிய தீ, மாடியிலிருந்த கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. அதற்குப் பிறகு, தன் பிள்ளை படிக்கும் பள்ளிக்குத் தீயணைப்புச் சான்று இருக்கிறதா என்று கேட்கும் பெற்றோரை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் அவர்களில் பலரும் 'சான்று உள்ளதா' என்று கேட்டு, 'உள்ளது' என்ற பதிலோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். சான்று ஒற்றைத் தாள். பள்ளியின் உண்மை நிலை அதற்கு முன் நடந்த ஆய்வின் அறிக்கையில் இருக்கிறது. எத்தனை தீயணைப்பான்கள் இருந்தன, இரண்டாவது படிக்கட்டு திறந்திருந்ததா, என்னென்ன நிபந்தனைகள் போடப்பட்டன என்பதெல்லாம் அதில்தான் தெரியும். ஆகவே சான்றின் நகல், அது எந்தத் தேதி வரை செல்லும் என்ற விவரம், ஆய்வு அறிக்கை, குறைகளைச் சரிசெய்யச் சொல்லி அனுப்பிய கடிதங்கள், சரிசெய்த பின் நடந்த மறு ஆய்வின் குறிப்பு என்று தனித்தனியாகக் கேளுங்கள். பள்ளி அங்கீகாரத்துக்கும் இந்தச் சான்று தேவை என்பதால் கல்வித் துறையின் கோப்பிலும் நகல் இருக்கும். ஓர் இடத்தில் இல்லை என்றால் மற்ற இடத்தில் கேட்கலாம்.

அடுக்குமாடிக் குடியிருப்போர் செய்யும் தவறும் இதைப் போன்றதே. திட்ட அனுமதிக்காகக் கொடுக்கப்படும் தடையின்மைச் சான்று வரைபடத்தில் இருக்கும் கட்டடத்துக்கானது. கட்டி முடித்த பின் ஆய்வு செய்து தரப்படுவதுதான் நீங்கள் குடியிருக்கும் கட்டடத்துக்கானது. முதலாவதன் நகலை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியாது. 'தனியார் கட்டடம், தகவல் தர இயலாது' என்று பதில் வந்தால், வேறொரு சட்டத்தின் கீழ் அரசு அலுவலகம் பெறக்கூடிய தனியார் அமைப்பின் விவரமும் தகவல்தான் என்று அதே 2(எஃப்) பிரிவு சொல்வதைச் சுட்டிக்காட்டுங்கள். கட்டடக்காரருக்கு 11-ஆம் பிரிவின்படி அறிவிப்பு அனுப்பி அவர் கருத்தைக் கேட்பார்கள். பத்து நாளுக்குள் அவர் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆட்சேபம் வந்த மாத்திரத்தில் தகவலை மறுத்துவிட முடியாது. முடிவு எடுக்க வேண்டியவர் தகவல் அலுவலர்தான்.

மறுப்பைக் கண்டு மலைத்துப்போவது

உயிர்ச்சேதம் ஆன விபத்துகளில் அடிக்கடி வரும் மறுப்பு, வழக்கு விசாரணையில் இருக்கிறது என்பது. 8(1)(எச்) பிரிவைக் காட்டுவார்கள். விசாரணை நடப்பது மட்டுமே மறுக்கப் போதுமான காரணம் ஆகாது, தகவலைத் தந்தால் விசாரணை எப்படித் தடைப்படும் என்று காட்ட வேண்டும் என்பது பகத் சிங் என்ற மனுதாரரின் வழக்கில் 2007-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. வண்டி புறப்பட்ட நேரத்தை வெளியிடுவதால் எந்தப் புலனாய்வு கெடும் என்று மேல்முறையீட்டில் அமைதியாகக் கேளுங்கள்.

தனிநபர் விவரம் என்ற காரணம் இதைவிடக் கடினமானது. 8(1)(ஜே) பிரிவில் முன்பு இருந்த பொதுநலன் விலக்குச் சொற்களை 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நீக்கும்படி திருத்தியிருக்கிறது. இது மக்களுக்கு நேர்ந்த பெரிய இழப்பு என்பது என் உறுதியான எண்ணம். இருந்தாலும் பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்னும் 8(2) பிரிவு அப்படியே நிற்கிறது. அதை மேற்கோள் காட்டுங்கள். அதோடு, காயமடைந்தோர் பெயர், தொலைபேசி எண், மருத்துவ விவரம் ஆகியவற்றை மறைத்து மீதியைத் தாருங்கள் என்று 10-ஆம் பிரிவைச் சொல்லி மனுவிலேயே எழுதிவிடுங்கள். மறைத்துக் கொடுக்க வழி இருக்கும்போது முழு ஆவணத்தையும் மறுப்பது கடினம்.

பழைய விபத்துகளைப் பற்றித் தேடுவோர் கவனிக்கத் தவறும் ஒரு பிரிவு 8(3). இருபது ஆண்டுக்கு முந்தைய நிகழ்வு என்றால், நாட்டின் பாதுகாப்பு, சட்டமன்ற உரிமை, அமைச்சரவைத் தாள்கள் என்ற மூன்று காரணங்களைத் தவிர மற்ற விலக்குகள் எதுவும் பொருந்தாது. கும்பகோணம் இப்போது அந்த எல்லையைக் கடந்துவிட்டது. தாள் எஞ்சியிருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். பதிவேடுகளுக்கு வைத்திருக்கும் காலவரம்பு உண்டு. ஆகவே அண்மை நிகழ்வு என்றால் உடனே கேளுங்கள். அழிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தால், அழித்ததற்கான ஆணையின் நகலைக் கேளுங்கள்.

பத்து ரூபாயிலும் தேதியிலும் கவனம்

விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் சான்று இணைத்தால் அதுவும் வேண்டாம். நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். பக்கங்கள் நூற்றுக்கணக்கில் போகும் என்று தோன்றினால், நகல் கேட்காமல் நேரில் ஆய்வு செய்யக் கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. வேண்டிய பக்கத்தை மட்டும் குறித்துக்கொண்டு நகல் வாங்கலாம்.

கட்டணம் செலுத்தச் சொல்லி வந்த கடிதத்தை மேசையில் போட்டுவைத்துவிட்டு, முப்பது நாள் ஆகிவிட்டது என்று சண்டை போடுவது வீண். அந்தக் கடிதம் அனுப்பிய நாள் முதல் நீங்கள் பணம் கட்டும் நாள் வரையிலான காலம் கணக்கில் சேராது. மாறாக, எந்தக் கடிதமும் வராமல் காலக்கெடு தாண்டினால் 7(6) பிரிவின்படி தகவலை இலவசமாகத் தர வேண்டும். கெடு தாண்டிய பிறகு கேட்கப்படும் கட்டணத்தைக் கட்டாதீர்கள், பிரிவைச் சொல்லி எழுதுங்கள். மனுவை எப்போதும் ஒப்புகையோடு அனுப்புங்கள். அது போய்ச் சேர்ந்த தேதிக்குச் சான்று இல்லையென்றால் மேல்முறையீட்டில் நிற்கவே முடியாது.

அதே துறையில் தகவல் அலுவலருக்கு மேலுள்ள அதிகாரியிடம் செய்யும் முதல் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள். பதில் கிடைத்த நாளிலிருந்தோ, பதிலே வராவிட்டால் கெடு முடிந்த நாளிலிருந்தோ எண்ணுங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் தொண்ணூறு நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. இந்தக் கட்டத்தில் கோபத்தில் 18-ஆம் பிரிவின் கீழ் புகார் மட்டும் போட்டுவிடுகிறவர்கள் ஏராளம். அந்தப் பிரிவின் கீழ் ஆணையம் அலுவலருக்கு அபராதம் விதிக்க முடியும், நாளொன்றுக்கு 250 ரூபாய் என்று 25,000 வரை. ஆனால் தகவலைக் கொடு என்று உத்தரவிட முடியாது. மணிப்பூர் மாநில வழக்கில் 2011 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதை முடிவுகட்டிவிட்டது. வண்டி வந்த நேரம் எழுதிய அந்தப் பக்கம் உங்கள் கைக்கு வர வேண்டும் என்றால் 19(3) பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்யுங்கள். அபராதம் விதிக்கும்படியும் அதே மனுவில் கேட்டுக்கொள்ளலாம்.