புயலுக்கு முன்பே ஹாம் நிலையம்: குமரிக் கடற்கரைக்கு ஒரு குறிப்பு

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வீசியபோது குமரி மாவட்டத்தின் பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படியொரு நாளில் ஹாம் சங்கம், அதாவது உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர்களின் சங்கம், ரேடியோவில் செய்தி அனுப்பிக் கைகொடுக்க, ஏற்பாடுகள் அக்டோபருக்குள் முடிந்திருக்க வேண்டும்.

முதலில் ஆன்டெனா. 145 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 49 செ.மீ. நிமிர்ந்த கம்பி; அதன் அடியில் 45 பாகை சரிவாக 51 செ.மீ. கம்பிகள் நான்கு. ரேடியோவிலிருந்து ஆன்டெனாவுக்கு மெல்லிய ஆர்ஜி-58 கேபிளை 20 மீட்டர் இழுத்தால் பாதிக்கு மேல் சக்தி வழியிலேயே வீணாகும், தடித்த ஆர்ஜி-213 வாங்குங்கள். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்று கனெக்டரை அரித்துவிடும். ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, மேலே இன்சுலேஷன் டேப் போடுங்கள். நீர் இறங்கிய கேபிளில், ஆன்டெனாவிலிருந்து சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் நல்ல அளவையே காட்டி ஏமாற்றும். ஆகவே ஆன்டெனா முனையிலும் பவரை அளக்க வேண்டும்.

மின்சாரத்துக்கு 12 வோல்ட், 42 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி போதும். பேச்சைச் சுருக்கினால், 20 வாட் ஒலிபரப்பில் ரேடியோ அரை நாள் தாராளமாக ஓடும்.

உரிமம் இல்லாதவர்கள் ஒலிபரப்பக் கூடாது. ஆனால் செய்தி எழுதுவது அவர்களால் முடியும், உண்மையில் பாதி வேலை அதுதான். காணாமல்போன படகின் பதிவெண், ஆட்களின் எண்ணிக்கை, கடைசியாகக் கண்ட இடம், நேரம் நான்கையும் எழுதி, எதிர்முனையைத் திருப்பிச் சொல்லவைத்துச் சரிபாருங்கள். எண்களை ஒவ்வொன்றாக உச்சரியுங்கள். இரைச்சலில் ‘எழுபது’ ‘எண்பது’ ஆகிவிடும்.