சிறு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் மெரிட் உதவித்தொகை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் சிறு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளை, அதாவது கலை, அறிவியல் பாடங்களைப் பரவலாகக் கற்பிக்கும் இளநிலைக் கல்லூரிகளைப் பற்றி நம் வீடுகளில் பேச்செடுத்தால், "இவ்வளவு பணத்தை யார் கட்டுவது?" என்ற கேள்வியோடு பேச்சு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டிய கல்லூரிகள் பல இருப்பதால் அந்தத் தயக்கம் நியாயமானதே. ஆனால் அறிவிக்கப்பட்ட அந்தத் தொகையை முழுமையாகக் கட்டுகிறவர்கள் குறைவு. தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவர்களுக்கான கல்விக் கட்டணத்தில் சராசரியாகப் பாதிக்கும் மேல் தாமே உதவித்தொகையாகக் கழித்துக்கொள்கின்றன. அந்தக் கழிவு யாருக்கு, எதற்காகக் கிடைக்கிறது என்பது புரியாததால்தான் பெரும்பாலான தவறுகள் நிகழ்கின்றன.

அவற்றுள் முதன்மையானது, குடும்ப வருமானத்தைப் பார்க்காமல் தரப்படும் மெரிட் உதவித்தொகையை நன்றாகப் படித்த பிள்ளைக்குக் கிடைக்கும் பரிசாக எண்ணுவது. அப்படி எண்ணுகிறவர்கள், எவ்வளவு பெயர்பெற்ற கல்லூரியோ அவ்வளவு பெரிய தொகை கிடைக்கும் என்று நம்பி, வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட், பொமோனா போன்ற கல்லூரிகளுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். இந்தக் கல்லூரிகள் மெரிட் உதவித்தொகை வழங்குவதே இல்லை. அங்கே கிடைப்பது குடும்ப வருமானத்தைப் பொறுத்த தேவை சார்ந்த உதவி மட்டுமே. வேண்டிய அளவுக்கு மேல் சிறந்த மாணவர்கள் வரிசையில் நிற்கும்போது, பணம் கொடுத்து ஒருவரை ஈர்க்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. ஒஹாயோவின் டெனிசன், வூஸ்டர், விஸ்கான்சினின் லாரன்ஸ், பெலாய்ட், இல்லினாயின் நாக்ஸ், மிச்சிகனின் கலமசூ போன்றவை அதே மாணவரைப் பெற மற்ற கல்லூரிகளோடு போட்டியிட வேண்டியிருப்பதால் கட்டணத்தைக் குறைத்துத் தருகின்றன. உங்கள் பிள்ளை தங்களிடம் வந்து சேர வேண்டும் என்று ஒரு கல்லூரி எவ்வளவு விரும்புகிறது என்பதன் அளவுதான் மெரிட் உதவித்தொகை. எனவே பட்டியல் தயாரிக்கும்போது, பிள்ளையின் பள்ளி மதிப்பெண்ணும், கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு மதிப்பெண்ணும் எந்தக் கல்லூரியின் மேல் கால் பகுதியில் வருகின்றன என்று பார்ப்பதே பயன் தரும். கடைசி இடத்தைப் பிடித்து நுழைந்த பெயர்பெற்ற கல்லூரியில் மெரிட் பணம் கிடைப்பது அரிது.

இதைக் குத்துமதிப்பாகச் செய்ய வேண்டியதில்லை. பெரும்பாலான கல்லூரிகள் 'காமன் டேட்டா செட்' என்ற ஆவணத்தை ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. அதன் 'சி' பகுதியில் சேர்ந்த மாணவர்களின் மதிப்பெண் வீச்சு இருக்கும். 'எச்' பகுதியில், நிதித் தேவை இல்லாத மாணவர்களில் எத்தனை பேருக்கு மெரிட் தொகை கிடைத்தது, சராசரி எவ்வளவு என்பதும், வெளிநாட்டு மாணவர்களுக்கு மொத்தம் எவ்வளவு வழங்கப்பட்டது என்பதும் இருக்கும். கல்லூரியின் பளபளப்பான கையேட்டைவிட இந்த ஒரு பக்கம் உண்மையைச் சொல்கிறது. இதைப் பார்க்காமல் விண்ணப்பக் கட்டணம் செலுத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அறிவிக்கப்பட்ட கட்டணத்தைப் பார்த்து மிரண்டு ஒரு கல்லூரியை ஒதுக்குவதும் தவறு. கூட்டாட்சிச் சட்டப்படி 2011 முதல், கூட்டாட்சி நிதியுதவித் திட்டங்களில் பங்கேற்கும் கல்லூரிகள் தம் இணையதளத்தில் 'நெட் பிரைஸ் கால்குலேட்டர்' வைத்திருக்க வேண்டும். வருமான விவரங்களை உள்ளிட்டால் உத்தேசச் செலவு தெரியும். ஆனால் சில கல்லூரிகளின் கணிப்பான் மெரிட் தொகையைச் சேர்த்துக் காட்டும், சில காட்டாது. மதிப்பெண்ணைக் கேட்காத கணிப்பான் மெரிட் தொகையைக் கணக்கில் எடுக்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

'எர்லி டிசிஷன்' வழியாக விண்ணப்பிப்பதைப் பற்றி நிதானமாக யோசிக்க வேண்டும். அனுமதி கிடைத்தால் சேர்ந்தே தீருவேன் என்று நவம்பரிலேயே கையெழுத்திடும் ஏற்பாடு அது. சேரும் வாய்ப்பு கூடும் என்பது பல கல்லூரிகளில் உண்மைதான். ஆனால் வேறு கல்லூரிகள் என்ன தரும் என்பதை அறியும் முன்பே பிற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும். மெரிட் தொகையை நம்பியிருக்கும் குடும்பம் இரண்டு மூன்று கடிதங்களை அருகருகே வைத்துப் பார்க்கும் உரிமையை இழந்துவிடுகிறது. சேர்ந்தே தீர வேண்டும் என்ற வாக்குறுதி இல்லாமல் முன்கூட்டியே விண்ணப்பிக்கும் 'எர்லி ஆக்‌ஷன்' இருக்கும் இடங்களில் அதுவே நல்ல வழி.

நம் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது மற்றோர் இடத்தில். மதிப்பெண் உயர்ந்திருந்தால் போதும், மற்றவை தானாக நடக்கும் என்று அமைதியாக இருந்துவிடுகிறார்கள். ஆண்டுக்கு ஐந்நூறு அறுநூறு மாணவர்களை மட்டும் சேர்க்கும் கல்லூரிக்கு, அனுமதி பெற்றவர் உண்மையில் வருவாரா என்பது பெரிய கவலை. ஆகவே விண்ணப்பதாரர் காட்டும் ஆர்வத்தை அவர்களில் பலர் கணக்கில் எடுக்கிறார்கள். எந்தக் கல்லூரி எடுக்கிறது என்பதும் அதே காமன் டேட்டா செட்டில் இருக்கிறது. இணையவழி அறிமுகக் கூட்டத்தில் கலந்துகொள்வது, நேர்காணலுக்கு வாய்ப்பிருந்தால் கேட்டுப் பெறுவது, 'எங்கள் கல்லூரி ஏன்?' என்ற கட்டுரையில் ஒரு பேராசிரியரின் ஆய்வையோ ஒரு பாடத்திட்டத்தின் தனித்தன்மையையோ குறிப்பிட்டு எழுதுவது போன்றவை செலவில்லாத காரியங்கள். கல்லூரியின் பெயரை மட்டும் மாற்றி ஒரே கட்டுரையைப் பத்து இடங்களுக்கு அனுப்பினால் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

கடைசித் தேதிகளையும் கவனியுங்கள். சேர்க்கைக்கு ஜனவரி வரை நேரம் இருந்தாலும், பெரிய உதவித்தொகைக்குத் தனிக் கட்டுரையும் முந்தைய தேதியும் இருப்பதுண்டு. வாஷிங்டன் அண்ட் லீ பல்கலைக்கழகத்தின் ஜான்சன் உதவித்தொகைக்கு டிசம்பர் தொடக்கத்திலேயே விண்ணப்பம் கேட்பது வழக்கம். எஸ்ஏடி கட்டாயமில்லை என்று சொல்லும் கல்லூரி, உதவித்தொகைக்கு மட்டும் அதைப் பார்க்குமா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிப்போருக்குக் கூடுதல் கவனம் தேவை. கூட்டாட்சி நிதியுதவிக்கான 'ஃபாஃப்சா' படிவம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் தகுதியுள்ள நிரந்தரவாசிகள் போன்றோருக்கும் உரியது. வெளிநாட்டு மாணவர்களிடம் பல கல்லூரிகள் குடும்ப நிதிநிலையை விவரிக்கும் 'சிஎஸ்எஸ் ப்ரொஃபைல்' படிவத்தைக் கேட்கும். பெரும்பாலான இடங்களில் வெளிநாட்டு மாணவருக்கு நிதியுதவி தேவையா என்பது சேர்க்கை முடிவையே பாதிக்கும். அதனால் விண்ணப்பத்தில் நிதியுதவி தேவையா என்று கேட்கும் கட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பக் கூடாது. முழு உதவித்தொகை கிடைத்தாலும், விடுதிக்கும் உணவுக்குமான பகுதி வரிக்கு உட்பட்ட வருமானம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்கு அந்தப் பகுதியில் பொதுவாக 14 விழுக்காடு பிடித்துக்கொள்வார்கள் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

தொகையை முதலாண்டுக்கு மட்டும் கணக்கிடுவது பின்னால் கையைக் கடிக்கும். மொத்தச் செலவு 78,000 டாலர், மெரிட் தொகை 30,000 என்று வைத்துக்கொள்வோம். செலவு ஆண்டுக்கு 4 விழுக்காடு ஏறினால் நான்காம் ஆண்டில் அது ஏறத்தாழ 87,700 ஆகிவிடும். உதவித்தொகை பெரும்பாலும் அதே 30,000ஆகவே நிற்கும். நான்கு ஆண்டுகளில் நீங்கள் எதிர்பாராமல் கட்டுவது சுமார் 19,000 டாலர். ஆண்டுதோறும் தொகை தொடர எந்த ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) தேவை, ஒரு பருவம் சறுக்கினால் மீட்க வழி உண்டா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

தாராளமாகத் தரும் கல்லூரியின் நிதிநிலையையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. நியூயார்க்கின் வெல்ஸ் கல்லூரியும் அலபாமாவின் பர்மிங்காம்-சதர்ன் கல்லூரியும் 2024ஆம் ஆண்டில் மூடப்பட்டன. படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் வேறு இடம் தேட நேர்ந்தது. கடந்த ஐந்தாண்டுகளில் மாணவர் எண்ணிக்கை தொடர்ந்து சரிந்திருந்தால் காரணம் கேட்கத் தயங்க வேண்டாம்.

கடைசியாகக் கைக்கு வரும் கடிதத்தையும் கவனமாகப் படிக்க வேண்டும். எங்கள் மகளுக்கு ஒரு கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தில் 'மொத்த உதவி 57,000 டாலர்' என்று தடித்த எழுத்தில் இருந்தது. வீடே மகிழ்ந்தது. மறுநாள் காலையில் என் மனைவி பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து வரிவரியாகப் பிரித்தார். மெரிட் தொகை 31,000, மாணவர் பெயரில் கூட்டாட்சிக் கடன் 5,500, வளாக வேலையில் சம்பாதிக்கக்கூடியது 2,500, பெற்றோர் பெயரில் கடன் 18,000. கடன்படாமலும் வேலை செய்யாமலும் கிடைக்கும் பணம் முதல் வரி மட்டுமே. மொத்தச் செலவு 76,400 என்பது அந்தக் கடிதத்தில் எங்குமே இல்லை, இணையதளத்தில் தேடி எடுத்தோம். ஆக நாங்கள் கட்ட வேண்டியது 45,400 டாலர். எந்தக் கடிதம் வந்தாலும் மொத்தச் செலவிலிருந்து கொடையை மட்டும் கழித்துப் பாருங்கள், மற்ற வரிகளைக் கழிக்காதீர்கள்.

தொகை போதவில்லையென்றால் கேட்பது தவறில்லை. கேட்காமல் விடுவதுதான் தவறு. ஆனால் பேரம் பேசுகிற தொனியில் எழுதினால் பயனில்லை. அதே தரத்திலுள்ள வேறொரு கல்லூரி தந்த 38,000 டாலர் கடிதத்தை இணைத்து, இங்கே சேரவே விருப்பம், இடைவெளி இவ்வளவு, மறுபரிசீலனை செய்ய இயலுமா என்று மகளே அரைப் பக்கத்தில் எழுதினாள். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் அனுப்பினோம். மே 1ஆம் தேதி முடிவைத் தெரிவிக்க வேண்டியிருந்ததால் அதற்கு மேல் தாமதித்திருக்க முடியாது. நான்கு நாளில் ஆண்டுக்கு 4,000 டாலர் கூட்டிப் பதில் வந்தது. நான்கு ஆண்டுக்கும் அது தொடரும் என்று கல்லூரி எழுதித் தந்த பிறகே முன்பணம் கட்டினோம்.