மலை மேடைக்கு ஒளியமைக்கக் கற்றுக்கொள்வது எப்படி?

மேடை ஒளியமைப்பாளராக விரும்பும் நீலகிரி இளைஞர் வண்ணங்களில் மயங்குவதற்கு முன் மின்கணக்கைக் கற்க வேண்டும். பார் (PAR) எனப்படும் 1000 வாட் மேடை விளக்கு 230 வோல்ட்டில் ஏறத்தாழ 4.3 ஆம்பியர் இழுக்கும். ஆகவே 15 ஆம்பியர் பிளக் ஒன்றில் மூன்று விளக்குகளுக்கு மேல் மாட்டக் கூடாது. எல்இடி விளக்குகள் இந்தச் சுமையை வெகுவாகக் குறைத்துவிட்டன என்றாலும், முகத்தில் விழும் பழைய விளக்கின் இளஞ்சூடான நிறத்தை நான் இன்னும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஊட்டியில் மே மாதக் கோடை விழா நடக்கும் காலத்தில், ஒலி ஒளி வாடகைக்கு விடுபவரிடம் உதவியாளராகச் சேருவதே நல்ல தொடக்கம். கேபிள் சுருட்டுவதும், விளக்குக்குப் பாதுகாப்புச் சங்கிலி மாட்டுவதும் அங்கேதான் கைவரும். அடுத்தது டிஎம்எக்ஸ், அதாவது விளக்குகளுக்குக் கேபிள் வழியே கட்டளை அனுப்பும் முறை. ஒரு இணைப்பில் 512 சேனல்கள் உண்டு; ஒவ்வொன்றும் ஏழு சேனல் எடுக்கும் விளக்குகளானால் முதல் விளக்கின் முகவரி, அதாவது தொடக்கச் சேனல், 1, அடுத்தது 8, அதற்கடுத்தது 15 என்று வைக்க வேண்டும். கடைசி விளக்கில் 120 ஓம் டெர்மினேட்டர் என்ற மின்தடைச் செருகியை மாட்டாவிட்டால், விளக்குகள் சில சமயம் பேய் பிடித்தவைபோல் தாமாகவே மின்னும். விளக்குகளை இயக்கும் கன்சோல் வாங்கப் பணமில்லாதவர் கியூஎல்சி பிளஸ் என்ற இலவச மென்பொருளில் பழகலாம்.

இங்கே தனியாகக் கற்க வேண்டியது மூடுபனியை. சமவெளியில் ஒளிக்கற்றை கண்ணுக்குத் தெரிவதற்காகப் புகை எந்திரம் வைக்கிறார்கள்; நமக்கோ அது கேளாமலே வந்து சேர்கிறது. கோத்தகிரிப் பக்கம் ஒரு திறந்தவெளி நாடகத்தில், பனி இறங்கியதும் முகம் மங்குகிறதே என்று முன்விளக்குகளை முழுதாக ஏற்றினேன். பார்வையாளருக்கும் நடிகருக்கும் நடுவே வெள்ளைத் திரை ஒன்று எழுந்து நின்றது. அப்படிப்பட்ட நேரத்தில் முன்விளக்கைப் பாதிக்குக் கீழே இறக்கி, பக்கவாட்டு விளக்குகளால் முகத்தை எடுக்க வேண்டும். ஒத்திகையின்போதே பனிக்கென்று தனிக் கியூ (வேண்டும்போது அழைக்கும் ஒளி நிலை) ஒன்றைப் பதிந்து வைத்துக்கொள்வது என் வழக்கம்.

கருவி பழகியபின் நாடகப் பிரதியைப் படிக்கும் பழக்கம் வேண்டும், ஏனெனில் எந்த வசனத்தில் எது இருள வேண்டும் என்று முடிவு செய்பவரே ஒளியமைப்பாளர், மற்றவர் விளக்கை இயக்குபவர் மட்டுமே. கொல்கத்தாவின் ஒளியமைப்பாளர் தாபஸ் சென், சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறுவதை மேடையில் ஒளியைக் கொண்டே காட்டினார். முறையாகப் படிக்க, டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் மூன்றாண்டுப் படிப்பு உண்டு. புதுவைப் பல்கலைக்கழகத்திலும் நாடகம் கற்பிக்கும் நிகழ்கலைத் துறை இருக்கிறது.

மழை மாதங்களில் மலையில் வேலை குறைவு, கோவைக்கு இறங்கத்தான் வேண்டும். புறப்படும் முன், பனியில் நனைந்த விளக்குகளை ஈரத்தோடு பெட்டியில் அடைக்காமல், துடைத்து ஓர் இரவு உள்ளறையில் திறந்து வையுங்கள்.