ஆவுளியாவையும் கடல்புல்லையும் ஒப்பிட்டு எழுதுவது எப்படி?

எங்கள் கடற்கரைப் பள்ளியில் ஆவுளியா என்னும் கடற்பசுவையும் கடல்புல்லையும் ஒப்பிடச் சொன்னால், 'ஆவுளியா நகரும், கடல்புல் நகராது' என்றுதான் பலரும் தொடங்குவார்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள். எந்த விலங்குக்கும் எந்தச் செடிக்கும் அது பொருந்தும். இரண்டின் முன்னோரும் தரையில் வாழ்ந்து கடலுக்குத் திரும்பியவை என்பதிலிருந்து தொடங்குங்கள். ஆவுளியாவுக்கு யானை உறவு. கடல்புல்லோ பூத்துக் காய்த்து விதை தரும் செடி.

முதலில் செடியைப் பாருங்கள். தஞ்சாவூர்க் கடற்கரையிலுள்ள மனோரா பக்கம் கரையில் ஒதுங்கியதே போதும், கடலில் இறங்கிப் பிடுங்க வேண்டாம். ஹாலோஃபிலா ஓவாலிஸ் என்ற கடல்புல் வகையின் சின்ன முட்டைவடிவ இலையை வெயிலுக்கு நேரே பிடித்தால் நடுநரம்பும் குறுக்கு நரம்புகளும் தெரியும். வேரும் இருக்கும். கடற்பாசிக்கு இவை கிடையாது. இங்கே குழம்பினால் ஒப்பீடே தவறிவிடும்.

அடுத்து, கடலில் பிழைக்க இரண்டும் என்ன வழி கண்டன என்று கேளுங்கள். ஆவுளியா சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சுவிட மேலே வர வேண்டும். கடல்புல் தானே தயாரிக்கும் ஆக்சிஜனைக் காற்றறைகள் வழியே சேற்றிலுள்ள வேருக்கு அனுப்புகிறது.

இனப்பெருக்கத்துக்கு நிறைய இடம் விடுங்கள், சுவையான பகுதி அதுதான். பெரும்பாலான கடல்புற்களின் மகரந்தம் நீருக்குள்ளேயே மிதந்து போய்ச் சேரும். என்ஹாலஸ் அகோராய்டிஸ் என்ற வகை மட்டும் வேறு மாதிரி: ஆண் பூக்கள் செடியிலிருந்து கழன்று மேலே மிதக்கும், நீண்ட காம்பிலுள்ள பெண் பூ நீர்மட்டத்தில் அவற்றைப் பிடிக்கும். பிறகு காம்பு சுருண்டு காயைக் கீழே இழுத்துக்கொள்ளும். ஆவுளியா 13, 14 மாதம் சுமந்து ஒரே கன்று ஈனும். அடுத்த கன்றுக்கு 3 முதல் 7 ஆண்டுகள் ஆகலாம். மேய்ந்த ஹாலோஃபிலா சீக்கிரம் தழைத்துவிடும், வலையில் சிக்கிச் செத்த ஆவுளியாவின் இடம் அப்படி நிரம்பாது. இதை அழுத்தமாக எழுதுங்கள்.

உறவையும் விடாதீர்கள். வளர்ந்த ஆவுளியா நாளுக்கு 30, 40 கிலோ கடல்புல் தின்னும். அதன் சாணத்தில் வரும் விதைகள் முளைப்பதை ஆஸ்திரேலியாவில் கண்டறிந்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு வரைபடம். 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் அறிவிக்கப்பட்ட 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுப் பாதுகாப்பகத்தைக் குறியுங்கள். கடலுக்குப் போகும் மாமா, சித்தப்பா இருந்தால், ஆவுளியாவை எந்த மாதம், எத்தனை பாக (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழத்தில் பார்த்தார்கள் என்று கேட்டு அதிலேயே புள்ளி வையுங்கள்.